ஒரு பொறி பல பொறியாதல்: போலச்செய்யும் மென்பொருளும் பன்முறைத் தொகுப்பும்

ஒரு பொறியின் தொழிலை வேறொரு பொறி ஏற்று அதனைப் போலவே செய்து காட்டல் கூடும் என்னும் கருத்து, இலத்திரன் கணினி தோன்றுதற்கு முன்னரே கணித நூலாரிடத்துத் தோன்றிவிட்டது. 1936 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அலன் ரியூறிங் என்பார், கணிக்கத்தக்க எண்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையில், எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாய் நிற்கும் ஒரு பொறியைக் கற்பனை செய்து காட்டினார். யாதேனும் ஒரு பொறியின் இலக்கணத்தை நாடாவொன்றில் எழுதி அப்பொதுப்பொறியின்முன் வைத்தால், அஃது அவ்விலக்கணத்தைப் படிக்கும், படித்தபடியே நடக்கும். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எப்பொறியாய் நடித்தல் வேண்டும் என்பது அப்பொதுப்பொறியின் உடலிலே பொறிக்கப்படவில்லை, நாடாவிலே எழுதப்பட்டிருக்கின்றது. பொறி கட்டி முடிந்த பின்னரே அவ்வினாவுக்கு விடை வருகின்றது.

இந்நாளிற் கணினித் துறையாருள் கியூஎமு என்னும் மென்பொருளை அறியாதார் சிலரே. பிரான்சு நாட்டவரான ஃபப்ரிஸ் பெலார் என்பார் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மென்பொருள், ஒருவகை முறைவழியாக்கிக்கு எழுதப்பட்ட செய்நிரலை வேறொருவகை முறைவழியாக்கியை உடைய கணினியில் ஓடச்செய்வது. இன்ரெல் வகைக் கணினியின்முன் அமர்ந்திருக்கும் ஒருவர், கையடக்கத் தொலைபேசியிலுள்ள ஆர்ம் வகைப் பொறியையோ ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினியையோ தம் மேசைமீதே தோற்றுவித்து, அதற்குரிய செய்நிரல்களை ஓட்டிப் பார்க்கலாம். ரியூறிங் கண்ட பொதுப்பொறியின் வழித்தோன்றல் இஃது எனின் மிகையாகாது.

ஆயினும் இம்மென்பொருள் தோன்றிய நாள்தொட்டு ஒரே செய்நிரலாய் வழங்கியதன்று. ஆர்ம் பொறியாய் நடிக்க ஒரு செய்நிரல், பவர் பொறியாய் நடிக்க வேறொரு செய்நிரல், மிப்ஸ் வகைக்கு மட்டும் நான்கு என, ஏறத்தாழ முப்பது இயங்கு செய்நிரல்கள் ஒரே மூலநிரலிலிருந்து தனித்தனியே தொகுக்கப்பட்டு வந்தன. அவற்றின் உள்ளடக்கத்திற் பெரும்பகுதி ஒன்றேபோல்வது. ஒரே நூலை முப்பது ஊர்களுக்கு முப்பது முறை அச்சுக்கோத்து, ஒவ்வொரு முறையும் சில பக்கங்களை மாத்திரம் மாற்றும் அச்சகத்தின் செயலை இஃது ஒக்கும். அறியாமையால் நேர்ந்த குறை இஃதன்று. தக்க காரணம் பற்றியே அவ்வாறு செய்யப்பட்டது. அக்காரணம் யாது, அது பின்னர் எவ்வாறு வலுவிழந்தது என்பன கணினி வரலாற்றிற் பயில்வார் அறியத்தக்கன.

இரட்டிப்பு என்னும் இடர் கியூஎமுவுக்கு மிக முற்பட்டது. 1950களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் ஒன்றோடொன்று ஒவ்வாத பல கணினிக் குடும்பங்களை ஒருங்கே விற்றுவந்தது. 1959 இல் அறிவிக்கப்பட்ட 1401 என்னும் பொறி வணிகக் கணக்குக்கு உரியது. பதின்ம எண்களை இலக்கம் இலக்கமாகக் கூட்டிச் செல்வது. 7090 என்பதோ விஞ்ஞானக் கணிப்புக்கு உரியது. அதன் சொல் 36 பிற்று நீளமுடையது. ஒன்றற்கு எழுதிய தொகுப்பி மற்றொன்றற்கு உதவாது. ஆகவே, ஒரே வேலையைச் செய்யும் செய்நிரல்களை ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிதாக எழுத நேர்ந்தது. 1961 ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நிறுவனத்தின் குழுவொன்று, இவையெல்லாவற்றுக்கும் ஈடாக ஒரே குடும்பத்தை வகுத்தல் வேண்டுமென அறிக்கை செய்தது. அதன் பயனாக 1964 ஏப்பிரல் 7 ஆம் நாளில் அறிவிக்கப்பட்டதே சிஸ்டம்/360. அதனை வகுத்த அம்டால், பிளாவ், புறூக்ஸ் என்னும் மூவரும் அவ்வாண்டில் வெளியிட்ட கட்டுரையின் மூலமே, 'கட்டமைப்பு' எனும் சொல், செய்நிரல் எழுதுவோன் காணும் பொறியின் தோற்றம் என்னும் பொருளில் நிலைபெற்றது. உள்ளமைப்பால் வேறுபட்ட சிறிய பெரிய மாதிரிகள் பலவும் வெளித்தோற்றத்தால் ஒன்றாயின.

புதிய குடும்பம் பிறந்தது. பழைய செய்நிரல்களின் கதி யாது? 1401 வகைப் பொறிகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டன வணிகநிலையங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கென எழுதப்பட்ட சம்பளக் கணக்குகளையும் சரக்குக் கணக்குகளையும் எவரும் எளிதில் எறிந்துவிடார். 1963 டிசெம்பரில் ஹனிவெல் நிறுவனம் 200 என்னும் கணினியை அறிவித்து, 1401 இன் செய்நிரல்களைத் தன் பொறிக்கேற்ப மாற்றித்தரும் மென்பொருளையும் உடன் அளித்தது. 'விடுவிப்போன்' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டமை குறும்பே. வாடிக்கையாளர் கைநழுவிப் போவர் என்னும் அச்சம் ஐ.பி.எம். நிறுவனத்தாரைப் பற்றியது. அவர்தம் பொறியாளர் 360 இன் உட்புறத்தே தனி நுண்ணறிவுறுத்தல்களைச் சேர்த்து, மாதிரி 30 ஐ 1401 ஆகவும், மாதிரி 65 ஐ 7090 வகையாகவும் நடிக்கச் செய்தனர். 'எமியுலேற்றர்' என்னும் சொல் கணினித் துறையில் வழக்குப் பெற்றது இம்முயற்சியாலேயாம். ஆனால் இஃது இணைக்கு ஒன்றாக அமைந்த ஏற்பாடு. மாதிரி 30 இன் நுண்ணறிவுறுத்தல்கள் மாதிரி 65 இல் ஓடா.

நடிக்கப்படும் பொறியை விருந்துப் பொறி எனவும், அதற்கு இடங்கொடுப்பதனை ஏற்கும் பொறி எனவும் வழங்குவது பொருந்தும். (விருந்து என்னும் சொற்குப் புதுமை என்பதே பழம்பொருள், ஈண்டு விருந்தாய் வருவதோ பலகாலும் பழம்பொறி.) விருந்துப் பொறிகள் ஐந்தும் ஏற்கும் பொறிகள் நான்கும் உளவெனின், இணைக்கு ஒன்றாக இருபது எமியுலேற்றர்கள் எழுதப்படல் வேண்டும். இதே பெருக்கம் தொகுப்பி எழுதுவோரையும் வருத்தியது. மொழிகள் பல, பொறிகள் பல. 1958 இல் அமெரிக்கக் கணினிப் பாவனையாளர் சங்கமாகிய ஷெயரின் குழுவொன்று, 'அன்கோல்' என்னும் பொது இடைமொழி ஒன்றனை முன்மொழிந்தது. ஒவ்வொரு மொழியும் முதலில் இடைமொழியாக மாறும். இடைமொழி பின்னர் ஒவ்வொரு பொறிக்கும் ஏற்ப மாறும். ஐந்தும் நான்கும் பெருக்கப்படாமற் கூட்டப்பட்டு ஒன்பதாகிவிடும். அன்கோல் நடைமுறைக்கு வந்திலது. அதன் உட்கருத்து மாத்திரம் இறவாது நின்றது. அது கியூஎமுவில் மறுபிறப்பு எய்தியதனை இனி நோக்கலாம்.

பெலார் முதலிற் கையாண்ட உபாயம் வியக்கத்தக்கது. விருந்துப் பொறியின் ஒவ்வோர் அறிவுறுத்தலையும் அவர் சில நுண்செயல்களாகப் பகுத்தார். ஒவ்வொரு நுண்செயலையும் சீ மொழியிற் சிறியதொரு செயற்கூறாக எழுதி, ஜிசிசி என்னும் தொகுப்பியைக் கொண்டு தொகுத்தார். அவ்வாறு கிடைத்த பொறிக்குறியீட்டுத் துண்டுகளை டைன்ஜென் எனப்பட்ட துணைச்செய்நிரல் பொறுக்கி எடுத்து வைக்கும். ஓடும் வேளையில், வேண்டிய துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டு ஏற்கும் பொறியின் குறியீடாகும். ஏற்கும் பொறி எதுவாயினும் அதற்குரிய குறியீட்டைத் தொகுப்பியே ஆக்கித் தந்துவிடுகின்றமையால், அப்பொறியின் மொழியைக் கரைகண்டவர் வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டில் யூஸ்நிக்ஸ் மாநாட்டிற் பெலார் இதனை விளக்கிக் கட்டுரை படைத்தார். ஒருவர் தனித்து நின்று இத்துணைப் பொறிகளுக்கு வழிகண்டமைக்கு இவ்வுபாயமே ஏது எனலாம். (தனித்து நின்று பெருஞ்செயல் முடித்தல் அவர்க்கு இயல்பு போலும். 2009 ஆம் ஆண்டின் இறுதியில், மேசைக் கணினியொன்றையே கொண்டு பை என்னும் எண்ணின் மதிப்பை ஏறத்தாழ 2.7 இலட்சங்கோடி இலக்கங்களுக்குக் கணித்து வெளியிட்டவரும் இவரே.)

ஆயின் உபாயம் தொகுப்பியின் பழக்கத்தை நம்பி நின்றது. ஒவ்வொரு செயற்கூறும் தன் ஈற்றில் மாத்திரமே திரும்பும் என்னும் நம்பிக்கையை ஜிசிசியின் நான்காம் பதிப்புப் பொய்யாக்கியது. குறியீட்டை அது தன் விருப்பப்படி முன்பின்னாக அடுக்கலாயிற்று. இதனாற் பாவனையாளர் பழைய மூன்றாம் பதிப்பைக் கைவிடாது பேண நேர்ந்தது. 2008 இல் டைன்ஜென் நீங்கி, 'சிறு குறியீடாக்கி' எனப் பொருள்படும் ரீ.சீ.ஜீ. அதனிடத்தைப் பெற்றது. இதன்கண் இடைமொழி வெளிப்படையாக அமைந்தது. விருந்துப் பொறியின் அறிவுறுத்தல்கள் ஒரு கிளைவழி வரும்வரை தொகுதியாகப் படிக்கப்பட்டு இடைமொழிக்கு மாற்றப்படும். இடைமொழி ஏற்கும் பொறியின் குறியீடாகும். அக்குறியீடு சேமித்து வைக்கப்பட்டு, அதே தொகுதி மீண்டும் வரும்போது மீண்டும் பயன்படும்.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. எழுதுவோர் அளவிற் பெருக்கல் கூட்டலாயிற்று. ஒரு விருந்துப் பொறிக்கு ஒருமுறை, ஓர் ஏற்கும் பொறிக்கு ஒருமுறை எழுதினாற் போதும். ஆனால் தொகுப்போர் அளவிற் பெருக்கல் அவ்வாறே நின்றது. எழுதியது ஒருமுறை, தொகுத்தது முப்பது முறை. திருத்தமொன்று செய்த பொறியாளர், அத்திருத்தம் முப்பது தொகுப்புகளிலும் பிழையின்றித் தேறுகின்றதா எனப் பார்த்திருக்க வேண்டியவரானார். இத்தகைய திட்டங்களில் உழைப்போரின் நேரமே முதல். அந்நேரம் ஒரே கோப்பு மீண்டும் மீண்டும் தொகுக்கப்படுவதனைக் காத்திருப்பதிற் கழிந்தது.

இதற்குக் காரணம், விருந்துப் பொறியின் இயல்புகள் மூலநிரலில் மாறிலிகளாக எழுதப்பட்டிருந்தமையே. விருந்துப் பொறியின் முகவரி 32 பிற்றா 64 பிற்றா? நினைவகப் பக்கத்தின் அளவு யாது? பைற்றுகளின் வரிசை யாது? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை தொகுக்கும் வேளையிலேயே கொடுக்கப்பட்டது. விடையை முன்னரே அறிந்த தொகுப்பி, வேண்டாத வழிகளை வெட்டி எறிந்து விரைவான குறியீட்டை ஆக்கும். விருந்துப் பொறி நினைவகத்தைத் தொடுந்தோறும் முகவரியொன்று ஆராயப்படுவதால், ஒவ்வொரு தடவையும் 'இப்பொறி எத்தகையது' என வினாவிக்கொண்டிருத்தல் கட்டுபடியாகாது எனக் கருதப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் கணினிகளை எண்ணுமிடத்து, இக்கருத்தைப் பிழையெனல் நீதியன்று.

மேலும், முறைவழியாக்கியின் நிலையை விவரிக்கும் தலைப்புக் கோப்பு எல்லாப் பொறிகளுக்கும் ஒரே பெயருடையதாய், வெவ்வேறு அடைவுகளிலே கிடந்தது. ஆர்ம் பொறிக்குத் தொகுக்கும்போது ஆர்ம் அடைவிலுள்ள கோப்பும், ஸ்பார்க் பொறிக்குத் தொகுக்கும்போது ஸ்பார்க் அடைவிலுள்ள கோப்பும் அதே பெயரில் வந்து நிற்கும். ஒரே பெயருடைய செயற்கூறுகளும் அவ்வாறே. தனித்தனியே தொகுக்குங்கால் இது வசதி. இரண்டனை ஒரு செய்நிரலாக இணைக்கப் புகின், ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் ஒருங்கே எழுந்து நின்றாற்போல் ஆகும். இன்னும் தீயது யாதெனின், இவ்வியல்புகளோடு தொடர்பில்லாத கோப்பும் அத்தலைப்புக் கோப்பை ஒருமுறை சேர்த்துக்கொண்டால், அதுவும் பொறிக்கு ஒருமுறை தொகுக்கப்படவேண்டியதாயிற்று என்பது. தொடர்வரிசைத் துறையும் வலையட்டையும் எப்பொறியிற் செருகப்பட்டாலும் ஒரே தன்மையன. எனினும் அவற்றைப் போலச்செய்யும் கோப்புகளும் இத்தொற்றுக்குத் தப்பவில்லை.

மாறிலிகளுட் பைற்று வரிசையின் கதை தனியே சொல்லத்தக்கது. பல பைற்றுகளாலான எண்ணைச் சில பொறிகள் உயர்பைற்று முன்னாகவும், சில தாழ்பைற்று முன்னாகவும் நினைவகத்தில் வைக்கும். ஜொனாதன் சுவிஃப்ற் 1726 இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைகளில், முட்டையைப் பருத்த முனையில் உடைப்பதா சிறுத்த முனையில் உடைப்பதா எனக் கட்சிகட்டிப் போரிடும் மக்கள் வருகின்றனர். 1980 இல் டானி கோகன் என்பார் அக்கதையிலிருந்து பெயரெடுத்து இவ்விரு வரிசைகளுக்கும் சூட்டினார். 'பருமுனையார்', 'சிறுமுனையார்' எனத் தமிழில் வழங்கலாம். அவர் அக்கட்டுரையிற் சமாதானமே வேண்டினார், சமாதானம் வந்திலது.

கியூஎமுவில் மிப்ஸ் வகைக்கு நான்கு செய்நிரல்கள் உளவானமைக்குக் காரணம், 32 உம் 64 உமாகிய இரண்டு அகலங்கள் இம்முனையிரண்டோடும் பெருக்கப்பட்டமையே. அவ்வாறாயினும், ஒரு பொறி ஒரு முனையை உடையது என்னும் எண்ணம் உண்மையாய் நின்றவரை கேடில்லை. பவர் வகை முறைவழியாக்கி ஓடும் வேளையிலேயே முனை மாறவல்லது. நெடுங்காலமாக அப்பொறியில் லினக்ஸ் பருமுனை வழியே ஓடிற்று. 2014 ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர்8 பொறிகளுக்கெனச் சிறுமுனை லினக்ஸ் வெளிவந்தது. அப்போது வேர்ட்டையோ எனப்படும் பாவனைச் சாதனங்களுக்கு இடர் நேர்ந்தது. விருந்துப் பொறியின் முனை எதுவோ அதுவே சாதனத்தின் முனை என்பது அச்சாதனங்களின் பழைய விதி. தொகுக்கும் வேளையில் 'பருமுனை' எனப் பொறிக்கப்பட்ட செய்நிரலுக்குள் சிறுமுனை விருந்தினன் வந்து புகுந்தான். சாதனம் எண்களைத் தலைகீழாகப் படித்தது. அவ்வாண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சாதனம் மீளத் தொடங்கும்போது முறைவழியாக்கியை நோக்கி 'இப்பொழுது உன் முனை யாது' என வினாவும் வழக்கம் வந்தது. பின்வந்த வேர்ட்டையோ நியமத்தின் முதற்பதிப்பு, யாவரும் சிறுமுனையே கொள்க என விதித்து வினாவையே ஒழித்தது.

இந்நிகழ்ச்சி சிறியதாயினும் பொருள் பெரிது. தொகுக்கும் வேளையில் விடைசொல்லுதல் வேகத்துக்கு உதவும் என்பது பழைய வாதம். ஈண்டோ அவ்விடை வேகத்தைத் தந்ததொடு பொய்யையும் தந்தது. இரட்டிப்பை நீக்குதல் வட்டில் இடம் மிச்சப்படுத்தும் வேலை மாத்திரம் அன்று, உரிய வேளையில் வினாவும் முறையை மீட்கும் வேலையுமாம் என்பது இதனாற் புலனாகும்.

மீட்பு வேலை ஒரே நாளில் நடந்ததன்று. 2009 அளவிற் சாதனக் கோப்புகள் இரு குவியல்களாக்கப்பட்டன. முகவரியகலம் 32 பிற்றான பொறிகளுக்கு ஒருமுறையும், 64 பிற்றானவற்றுக்கு ஒருமுறையும் தொகுத்தாற் போதும் என்றாயிற்று. பல முறை இரண்டு முறையாகியது பெரும்பேறே. 2012 இல் அவ்விரண்டும் ஒன்றாயின. பௌதிக முகவரி எப்பொறிக்கும் 64 பிற்று அகலமே எனத் தீர்மானிக்கப்பட்டது. 32 பிற்றுப் பொறிக்கு மேற்பாதி வெறுமையாய்க் கிடக்கும். சிறிது இடம் வீணாவது உண்மை. அவ்வீணைப் பொருட்படுத்தாது விட்டமையால் ஒரு வினா முற்றாக இல்லாதொழிந்தது. இத்துறையிற் செய்யப்பட்ட தீர்மானங்களுள் மிகச் சிக்கனமானது இதுவே எனத் தோன்றுகின்றது.

பொதுவாக்கப்பட்ட கோப்புகள் மறுபடியும் கெட்டுவிடாவண்ணம் ஒரு காவலும் இடப்பட்டது. ஜிசிசி தொகுப்பியில் 'நஞ்சூட்டல்' என்றொரு கட்டளை உண்டு. நஞ்சூட்டப்பட்ட பெயரை எவரேனும் மூலநிரலிற் பயன்படுத்தின் தொகுப்பு உடனே நின்றுவிடும். விருந்துப் பொறிக்கே உரிய மாறிலிகளின் பெயர்கள் யாவும் ஒரு தலைப்புக் கோப்பில் வரிசையாக நஞ்சூட்டப்பட்டன. பொதுக் கோப்பொன்றை எழுதுவோர் தவறியேனும் பக்க அளவு மாறிலியைத் தொடின் தொகுப்பி தடுத்துவிடும். பின்னாளில் ஒவ்வொரு மாறிலியாக வெளியேற்றிய பொறியாளருக்கு இந்த நச்சுப்பட்டியலே வழிகாட்டியாயிற்று.

பக்க அளவின் வரலாறு இவற்றுள் மிக்க சுவையுடையது. ஆர்ம் வகையின் பழைய பொறிகள் 1 கிலோபைற்று அளவான சிறு பக்கங்களையும் ஏற்றன. பிற்காலத்தனவற்றுக்கு 4 கிலோபைற்றே குறைந்த அளவு. மாறிலி ஒன்றே ஆதலின், பழையனவற்றின் பொருட்டுப் புதியனவும் 1 கிலோபைற்று அளவிலேயே கணக்கிடப்பட்டு மந்தமாயின. 2016 இல் ஆர்ம் பொறிக்கு இவ்வளவு மாறத்தக்கதாக்கப்பட்டது. எம்மாதிரி வேண்டுமெனப் பாவனையாளர் கூறியபின், தொடங்கும் வேளையில் அளவு நிச்சயிக்கப்படும். அப்படியாயின் நினைவகத்தைத் தொடுந்தோறும் அளவு வினாவப்படுமே, வேகம் என்னாவது என்னும் பழைய ஐயம் எழும். ரீ.சீ.ஜீ. ஓடும் வேளையிலேயே குறியீட்டை ஆக்குவது. ஆக்கும்போது பக்க அளவு தெரிந்தேயிருக்கும். ஆகவே அளவு ஆக்கப்படும் குறியீட்டினுள் எண்ணாகவே பதிந்துவிடும். பதிந்தபின் வினாவுவார் இல்லை. சீ மொழியில் எழுதப்பட்ட எஞ்சிய பகுதிகளுக்கே வினா நின்றது. 2019 இல் அதற்கும் ஓர் உபாயம் காணப்பட்டது. தொடக்கத்தில் ஒருமுறை எழுதப்படும் அம்மதிப்பை, ஏனைய கோப்புகளுக்கெல்லாம் மாறாத மதிப்பு எனத் தொகுப்பிக்கு அறிவித்தனர். தொகுப்பி அதனை ஒரு செயற்கூறினுள் மீண்டும் மீண்டும் படியாது விடுத்தது.

தொகுக்கும் வேளை, ஓடும் வேளை என்னும் இரண்டே உளவென எண்ணியிருந்தோர்க்கு, இவ்விரண்டற்கும் இடையே தொடங்கும் வேளை என ஒன்றுண்டு என்பதனை இஃது உணர்த்திற்று. முன்னையதன் வேகமும் பின்னையதன் மெய்ம்மையும் பெரும்பாலும் அதன்கண் ஒருங்கே கிடைக்கும். ரியூறிங்கின் நாடாவும் தொடங்கும் வேளையிலேயே பொறியின்முன் வைக்கப்படுவதன்றோ!

இவ்வளவு முயற்சியும் வேண்டியதில்லை, வட்டுகள் மலிந்துவிட்டன, முப்பது செய்நிரல்கள் இருந்தாலென்ன என்பார் உளர். அவர்க்கு விடை அண்மைக்காலப் பொறிகளே தந்தன. ஸைலிங்ஸ் நிறுவனத்தின் சிங்க் அல்ட்ராஸ்கேல் என்னும் சில்லில், ஆர்ம் வகையின் 64 பிற்றுக் கோர்ட்டெக்ஸ்-ஏ53 முறைவழியாக்கிகளும் 32 பிற்றுக் கோர்ட்டெக்ஸ்-ஆர்5 முறைவழியாக்கிகளும் உள்ளன. மின்வலு மேலாண்மைக்கெனத் தனிக் கட்டமைப்புடைய மைக்ரோபிளேஸ் முறைவழியாக்கியொன்றும் அதே சில்லில் அமைந்துள்ளது. முன்னைய இரண்டும் ஒரே குடும்பத்தன ஆதலின் ஒரு செய்நிரலில் அடங்கின. மைக்ரோபிளேஸ் அடங்கவில்லை. அந்நிறுவனத்தார் தம் கியூஎமு பதிப்பில் இரண்டு செய்நிரல்களைத் தனித்தனியே ஓட்டி, இடையே நினைவகத்தைப் பகிர்ந்தும் செய்தி பரிமாறியும் ஒரு சில்லுபோற் காட்டவேண்டியவராயினர். மெய்ப்பொறியில் விரலகலத்தில் அருகருகே இருப்பன, போலியில் இரு வேறு வீடுகளிற் குடியிருந்து மதிலுக்கு மேலாற் பேசின. சிறு பொறிகளுங்கூடப் பலவகை முறைவழியாக்கிகளைத் தம்முள் அடக்கும் இக்காலத்தில், 'எப்பொறி' என்னும் வினாவுக்குத் தொகுக்கும் வேளையில் ஒரே விடை கூறுதல் அரிதாகின்றது.

ஆகவே 2020களில், எல்லா விருந்துப் பொறிகளையும் உள்ளடக்கிய ஒரே செய்நிரலை ஆக்கும் நோக்கம் திட்டத்தாரிடையே வெளிப்படையாக வலுப்பெற்றது. 2020 இல் மெசன் என்னும் புதிய கட்டுமான முறைக்கு மாறியபோது, பொதுக் கோப்பு இது, பொறிக்குரிய கோப்பு இது என்னும் பிரிவு தெளிவாக எழுதப்பட்டது. பின்னர் விருந்துப் பொறியின் அகலம், பெயர், முனை முதலியவற்றைச் சிறியதோர் அமைப்பில் வைத்து, வேண்டும்போது வினாவி அறியும் முறை 2025 இற் புகுத்தப்பட்டது. ஒரே பெயருடைய செயற்கூறுகள் ஒவ்வொரு முறைவழியாக்கி வகைக்கும் உரிய சுட்டிகளாக மாற்றப்பட்டு வருகின்றன. வேலை முடிந்ததன்று, கோப்புக் கோப்பாக, மாறிலி மாறிலியாக நடக்கின்றது. கண்ணுக்குப் புலப்படும் புதுமை எதுவும் இல்லாத இவ்வேலையைப் பல நிறுவனங்களைச் சார்ந்த பொறியாளரும் தன்னார்வலரும் ஆண்டுக்கணக்காகச் செய்துவருகின்றமை பாராட்டத்தக்கது.

ஒரு பகுதி இவ்வழிக்கு எளிதில் வருவதாயில்லை. முழுக் கணினியையும் போலச்செய்யாது, ஒரு லினக்ஸ் செய்நிரலை மாத்திரம் வேற்றுப் பொறியில் ஓட்டும் முறையும் கியூஎமுவில் உண்டு. அங்கே விருந்துச் செய்நிரல் இயக்கமுறைமையிடம் விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளின் எண்ணும், அதனோடு அனுப்பும் தரவின் வடிவும் பொறிக்குப் பொறி வேறுபடும். பொதுமை குறைவு, ஆகவே ஒன்றாக்குதலால் வரும் பயனும் குறைவு.

பெயர்களின் இடரும் எஞ்சியுள்ளது. முப்பது செய்நிரல்களின் பெயர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணிறந்த எழுத்தாவணங்களிலும், பிற மென்பொருள்களின் உள்ளும், பாவனையாளரின் விரல்நுனிகளிலும் பதிந்துபோயின. செய்நிரல் ஒன்றேயாயினும் அப்பெயர்களை ஒழித்தல் இயலாது. பிசிபொக்ஸ் என்னும் லினக்ஸ் கருவித்தொகுதி இதற்கு முன்னோடி. அது ஒரே கோப்பாய் இருந்துகொண்டு பல பெயர்களைத் தாங்கும். எப்பெயரால் அழைக்கப்பட்டதோ அப்பெயரைத் தொடங்கும் வேளையிற் பார்த்து அதற்கேற்ப நடக்கும். கியூஎமுவின் முப்பது பெயர்களும் அவ்வாறே ஒரு கோப்பைச் சுட்டி நிற்றல் கூடும்.